ஒற்றைப் பசுவைக் கறந்தவன்

சாவியைத் திருப்பினேன். "டக்" என்றது. மறுபடி திருப்பினேன். அதே "டக்", ஆனால் கொஞ்சம் அலட்சியமாக. ஒரு தடவை சொன்னால் உனக்குப் புரியாதா என்பது போல. மூன்றாவது தடவை அந்த மரியாதையும் இல்லை. டேஷ்போர்டின் சிவப்பு விளக்குகள் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டன.

கதவுக்கு நேர் கீழே, தோளில் சாப்பாட்டுப் பையோடு, கைகட்டி நின்றிருந்தார் என் வண்டியின் இன்னொரு டிரைவர். அவர் முகத்தில் பதினைந்து நாளாக நான் பார்க்காத ஒன்று பூத்தது. சிரிப்பு.

"இன்னா ஓனரே, வண்டி இன்னா சொல்லுது?"

பகல் ஒரு மணி. எண்ணூர் சாலையில், துறைமுக கேட்டைப் பார்த்தபடி கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றிருந்தன. இடது பக்கம் கடல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் யாருக்கும் மனசு இல்லை. வரிசையின் நடுவில் எங்கள் டிரெய்லர், முதுகில் நாற்பதடிக் கண்டெய்னர். நாலு மணிக்குள் அது கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் கப்பல் காத்திருக்காது. எங்கள் யார்டு சூப்பர்வைசரும் காத்திருக்க மாட்டார். பதினைந்து நாளில் வண்டி இரண்டு தடவை படுத்துவிட்டது. இரண்டாவது தடவை போனில் சொன்னார்:

"இன்னொரு வாட்டி உன் வண்டி படுத்துச்சுன்னா ஹார்பர் ஓட்டத்துலேர்ந்து தூக்கிடுவேன். அப்பால மாதவரத்துல போய் மணல் அடி."

டிரெய்லரில் எப்படி மணல் அடிப்பது என்று கேட்க வாயெடுத்தேன். வைத்துவிட்டார். ஆனால் விஷயம் புரிந்தது. துறைமுக ஓட்டம் போனால் வண்டிக்கு வேறு வேலை கிடையாது. வண்டிக்கு வேலை இல்லையென்றால் என் வீட்டிலும் உலை இல்லை, கீழே சிரித்துக்கொண்டிருக்கிற மனிதர் வீட்டிலும் இல்லை. அது தெரிந்தும் அவர் சிரித்தார் என்றால் நான் அவரை என்ன பாடு படுத்தியிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் ஷிப்ட் மாறுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவன் என்ஜினை ஓடவிட்டுக் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஓடுகிற வண்டியைத்தான் கையில் கொடுக்க வேண்டும். மற்ற வண்டிகளில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் வண்டியில் மட்டும் பதினைந்து நாளாக இது கோர்ட் நடவடிக்கை. அவர் கீழே கைகட்டி நிற்பார். நான் மேலே சாவி திருப்புவேன். என்ஜின் உறுமியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறி இறங்குவோம்.

அதற்கு முன்னால் ஆறு வருடம் நான் அவருக்கு மாமு, அவர் எனக்கு மாமு. வியாசர்பாடிக்காரர், என் வயசுதான். நான் ஓட்டாத நேரம் அவர் ஓட்டுவார். வரிசையில் நிற்கும்போது கேபினில் சின்ன ஃபேனைப் போட்டுக்கொண்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, காதில் ஒயர் மாட்டிப் பாட்டுக் கேட்பார். நானும் அதையேதான் செய்வேன். ஆனால் நான் செய்தால் அது ஓய்வு; அவர் செய்தால் கரண்ட் திருட்டு. இந்த வித்தியாசத்தை நான் கண்டுபிடித்தது, மணலி யார்டில் ஒரு காலை வண்டி எழுந்திருக்க மறுத்தபோது. முந்தைய ஷிப்ட் அவருடையது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. குற்றவாளி கையில் இருக்கும்போது விசாரணை எதற்கு?

"முச்சூடும் ஃபேன் போட்டுகினு படுத்தா பேட்டரி எப்டி நிக்கும்?" என்றேன்.

"நான் எறங்கும்போது மெயின் சுவிச்சையே அமுக்கிட்டுதான் எறங்கறேன்."

"யாரு பாத்தா?"

அவர் முன்கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்தைக் காட்டினார். "மேல கீறவன் பாத்தான்."

"அவன் சாட்சி சொல்ல வருவானா?"

வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். ஆனால் என் வாயில் வருவதை நானே ரொம்ப ரசிப்பவன். மறுநாளே மேலே இருக்கிறவனுக்குப் பக்கத்தில் ஒரு சாட்சியை உட்கார வைத்துவிட்டேன். பர்மா பஜாரில் வாங்கிய கேமரா, தீப்பெட்டி அளவு. "பன்னெண்டு வோல்ட்டுண்ணே, இருபத்தி நாலு குடுத்தீங்கன்னா புகைதான் வரும்" என்று விற்றவன் எச்சரித்திருந்தான். லாரிக்கு இரண்டு பேட்டரி. ஒவ்வொன்றும் பன்னிரண்டு, சேர்த்து இருபத்துநாலு. ஆகவே ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்து, அதுவும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலிருந்தே இழுத்து, அவர் சுவிட்சை அணைத்தாலும் கண் மூடாதபடி சாமி படத்துப் பிளாஸ்டிக் மாலைக்குள் கேமராவைச் செருகினேன். எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாக. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாதே.

ஆறாவது நாள் வண்டி இரண்டாவது தடவை படுத்தது. பார், ஆள் திருந்தவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேமராவில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கார்டை எடுத்து வீட்டில் மகளிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் "எதுக்குப்பா?" என்பாள். கார்டை நான் எடுக்கவே இல்லை. சாட்சி கூண்டிலேயே இருந்தார்.

ஆகவே அன்றைக்கு மூன்றாவது திருப்பிலும் வண்டி எழாதபோது நான் ஸ்டியரிங்கின் மேலிருந்தே ஆரம்பித்தேன்.

"நேத்து ராவெல்லாம் நீதான இருந்த? இன்னா பண்ணி வெச்ச?"

"நேத்து ராவு போயி இப்ப மணி ஒண்ணு. நடுவுல காலையிலேர்ந்து யாரு குந்திகினு கீறது? காலையில ஓடிச்சா இல்லியா?"

"ஓடிச்சு. ஆனா நோஞ்சானா ஓடிச்சு."

"பாரேன், டாக்டரு! இன்னிக்கு நான் இன்னும் படிகூட ஏறல. நல்லா பாத்துக்கோ, காலு ரெண்டும் தரையில கீது."

நான் குதித்து இறங்கினேன். பயம் வந்தால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு: சம்பந்தமில்லாததையெல்லாம் சோதிப்பேன். டயர்களை உதைத்தேன். டீசல் மூடியைத் திறந்து முகர்ந்தேன். கண்டெய்னர் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பேட்டரி செத்த வண்டியில் இவை எல்லாம் சரியாக இருந்தன.

நல்ல காலம், கேட்டில் கம்ப்யூட்டர் படுத்திருந்தது. வரிசை அசையவில்லை. அசைந்தால் கதையே வேறு. முன்வண்டி நகர்ந்து, பின்வண்டி மூன்று முறை ஹாரன் அடித்தும் நாம் நகராவிட்டால், பின்னால் இருப்பவர் நம்மைச் சுற்றிக்கொண்டு போகலாம். அவர் பின்னால் எல்லோரும் போவார்கள். நம் இடம் போயே போய்விடும். வால் எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். தூங்குகிறவர்கள் இடத்தை இழக்காமல் இருக்க, பத்து வண்டிக்கு ஒருவர் முறைவைத்துக் கம்பு வைத்திருப்பார். முன்னால் அசைவு தெரிந்ததும் அவர் நடந்து போய், தனக்குப் பின்னாலுள்ள பத்து கதவுகளையும் தட்டி "நவுருது, நவுருது" என்று எழுப்ப வேண்டும்.

அன்றைக்குக் கம்பு என்னிடம் இருந்தது.

"பேட்டரிக் கட அண்ணாச்சியக் கூப்டு" என்றார் அவர். "அவரு சொல்றதுதான் தீர்ப்பு. என் தப்புன்னா இப்டியே ஷேர் ஆட்டோ புடிச்சுப் போறேன், இந்த வண்டி பக்கமே வர மாட்டேன். உன் தப்புன்னா?"

"என் தப்பா?" எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. "என் தப்புன்னா இந்தக் கம்ப எடுத்துகினு போயி பத்து கதவையும் தட்டி, நான்தான் காரணம்னு சொல்றேன். போதுமா?"

"நான் கேட்டுகினேன்!" என்று பின்வண்டியிலிருந்து ஒரு குரல். தலையில் துண்டும் வாயில் பல்குச்சியுமாக அதன் டிரைவர் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார். "சொன்னத மறந்துடாத நைனா!"

அண்ணாச்சி அரை மணியில் மொபெட்டில் வந்தார். தூத்துக்குடிப் பக்கம். திருவொற்றியூரில் பேட்டரிக் கடை வைத்து முப்பது வருடம் ஆகியும் ஊர்ப் பேச்சை விடாதவர். கோபத்தையும் விடாதவர்.

"ரெண்டு தடவ படுத்த வண்டிக்கு இப்பத்தான் ஆள் தேடுதீரு. ஒமக்கு வயித்து வலி வந்தா பொணமான பெறவுதான் ஆசுபத்திரிக்குப் போவீரோ?"

பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தார். முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைத் தேய்த்து எடுத்து, விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "கடக்காத்து. மொதத் தடவ படுத்ததுக்கு இது ஒண்ணே போதும்."

"கேட்டுகினியா ஓனரே?"

"ரெண்டாவது தடவைக்கு?" என்றேன் நான், தோற்காத குரலில்.

அண்ணாச்சி பையிலிருந்து ஒரு சின்ன பல்பை எடுத்தார். இரண்டு பக்கமும் ஒயர் கட்டியது. வண்டியில் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் பல்பை வைத்தார். எங்கும் கரண்ட் போகவில்லையென்றால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் எங்கேயோ எதுவோ பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கையாலும் வெயிலை மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நாங்களும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பல்புக்குள் நூல் மட்டும் சிவந்திருந்தது, பீடி நுனி மாதிரி.

"எவனோ குடிக்கான்" என்றார்.

என்னை மேலே ஏறி ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கிக் குரல் கொடுக்கச் சொன்னார். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ அதுதான் திருடன். நான் ஆவலோடு ஏறினேன். வேண்டுமென்றே உருப்படாததிலிருந்து ஆரம்பித்தேன்.

"ரூஃப் லைட்டு!"

"எரியுது!"

"வைப்பரு!"

"எரியுது!"

"ஃபேனு!"

"எரியுதுவே, அடுத்தத எடும்!"

கடைசியாக போன் சார்ஜரை வைத்திருந்தேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுவது போலப் பிடுங்கினேன். "சார்ஜரு!" கீழே ஒரு வினாடி அமைதி. அந்த ஒரு வினாடியில் நான் அவரை மன்னித்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கை அசைத்து வழியனுப்பியும் விட்டேன்.

"எரியுது."

"இன்னொரு வாட்டி புடுங்கிப் பாரு ஓனரே" என்றார் அவர் கீழிருந்து. "பாவம், மன்சு ஆறல உனுக்கு."

அண்ணாச்சி டைனமோவுக்குப் போகும் ஒயரைக் கழற்றினார். அதற்கும் பல்பு அசையவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மீட்டரை எடுத்து இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தார். திரும்பவும் தொட்டார். பிறகு குந்தியபடியே எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு பன்னெண்டரை காட்டுது. ஒண்ணு ஒம்பதுகூட இல்ல. ரெண்டு பசு, ஒரே தொழுவம், ஒரே தீனி. ஒண்ணு கொழுத்து நிக்கி, ஒண்ணு எலும்பா நிக்கி. ஒத்தப் பசுவ மட்டும் எவனோ தனியா கறக்கான்வே."

என் கண் தானாக மேலே, முன்கண்ணாடிப் பக்கம் போனது.

சாமி படம். மாலை. அதற்குள் தீப்பெட்டி. தீப்பெட்டியிலிருந்து ஒயர். ஒயர் எங்கே போகிறது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

யோக்கியனாக இருந்தால் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் அண்ணாச்சியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "டைனமோவ முழுசா எறக்கிப் பாத்துடலாமாண்ணே?" டைனமோவை இறக்கி ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும். நாலு மணி போகும், கேட் போகும், ஓட்டம் போகும். பரவாயில்லை, என் மானம் ஒரு மணி நேரமாவது கூட இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறது என் மூளை. பிறகு அந்த மூளைக்கே வெட்கம் வந்து, புதுத் திட்டம் ஒன்றைக் கொடுத்தது: மேலே போய், யாருக்கும் தெரியாமல் பிடுங்கி, பையில் போட்டுக்கொள்.

அந்த நேரம் பார்த்து, முன்னால் தூரத்தில், வரிசையாகப் புகை கிளம்பியது. ஒரு ஹாரன், அதற்குப் பதில் ஹாரன். கேட் திறந்துவிட்டது. வரிசை அசையத் தொடங்கியது. கம்பு என் கையில். நான் போய்ப் பத்து கதவைத் தட்ட வேண்டும்; தட்டினால் முதல் வேலையாக அந்தப் பத்துப் பேரும் என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். தன் வீடு எரியும்போது தானே சங்கு ஊத வேண்டிய நிலைமை. நான் ஊதவில்லை. கம்பை டயருக்கு அடியில் தள்ளினேன்.

"பியூஸ் எல்லாத்தையும் மாட்டிட்டு வந்துடறேண்ணே" என்று மேலே ஏறி, மாலைக்குள் கையை விட்டு, ஒயரை இழுத்தேன்.

"லேய்!" கீழே அண்ணாச்சி அலறினார். "அணைஞ்சிட்டு! எவம்லே எதைத் தொட்டது?"

அந்தப் பல்பை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஒண்ணும் தொடலியே!" என்றேன். பயத்தில் கை தானாக ஒயரைத் திரும்பச் செருகியது.

"எரிஞ்சிட்டு!"

கை திரும்பப் பிடுங்கியது.

"அணைஞ்சிட்டு! என்னவே செய்தீரு மேல? பொம்மலாட்டமா காட்டுதீரு?"

மறுபக்கக் கதவு திறந்தது. என் டிரைவர் படியில் ஏறி நின்றார். என் கையைப் பார்த்தார். கையில் இருந்த கேமராவைப் பார்த்தார். அதன் கண் எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்திருக்கும் என்று திரும்பி, இருக்கையைப் பார்த்தார். அவர் தூங்குகிற இருக்கை.

"எத்தினி நாளா?"

"பதினாலு."

"நான் துன்னது, தூங்கினது, லுங்கி மாத்திகினது எல்லாம் கீதா இதுல?"

கேமராவைச் சீட்டின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

"என் ஃபேனு குடிக்குது, என் போனு குடிக்குதுன்ன. உன் கண்ணுதான் குடிச்சிகினு இருந்துருக்கு, ராவும் பகலும்." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பின்னாலிருந்து ஹாரன். ஒன்று.

முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்கு முன்னால் மூன்று வண்டி நீளத்துக்கு ரோடு காலியாகக் கிடந்தது. ஹாரன், இரண்டு. நான் குதித்துப் பின்வண்டிக்கு ஓடினேன். அதற்குள் அந்த டிரைவரே இறங்கி, டயருக்கு அடியிலிருந்து கம்பை உருவி எடுத்திருந்தார்.

"கம்ப ஒளிச்சு வெச்சுட்டு இங்க இன்னா டபாய்ச்சுகினு கீற? நவுந்து எம்மா நேரமாச்சு? பின்னாடி அத்தினி பேரும் தூங்கறான்!"

"அண்ணாத்த, பேட்டரி புட்டுகிச்சு. உன் வண்டியிலேர்ந்து கொஞ்சம் கரண்டு குடுத்தன்னா ரெண்டே நிமிஷம்..."

"கரண்டா? நான் ஏன் குடுக்கணும்? மூணாவது ஹாரன் அடிச்சா எனுக்கு ஒரு எடம் முன்னால."

அண்ணாச்சி கை துடைத்தபடி வந்து சேர்ந்தார். மறைப்பதற்கென்று அவரிடம் ஒன்றும் இல்லை. "வண்டியில ஒரு கொறையும் இல்லவே. இவரு கூட்டாளிய வேவு பாக்க ஒளிச்சு ஒரு கேமரா மாட்டிருக்காரு. அது ஒத்த பேட்டரியக் குடிச்சிருக்கு. பேட்டரியச் சரியாக்கிரலாம். இவர என்ன செய்யன்னு எனக்குத் தெரியல."

பின்வண்டிக்காரர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். எங்கள் டிரைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தச் சாலையில் ஓட்டுகிற யாருக்கும் கேபின்தான் பாதி வீடு. அவர் முகம் மாறிய விதத்தில், மூன்றாவது ஹாரனை என் காதிலேயே அடிப்பார் என்று நினைத்தேன். கம்பை என் மார்பில் வைத்து அழுத்தினார்.

"உதார் வுட்டியே, பத்து கதவு தட்டி சொல்றேன்னு. போ. தட்டு. இன்னா பண்ணேன்னு வாயால சொல்லு. நீ சொல்லிட்டு வர்ற வரிக்கும் நான் ஹாரன் அடிக்க மாட்டேன், கரண்டும் குடுக்கறேன். சொல்லலன்னா அடிப்பேன்."

"பத்தா?"

"என்னுதும் சேத்து. மொதல்ல எனுக்கு சொல்லு."

சொன்னேன். "சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னேன்.

இரண்டாவது கதவில் இருந்தவர் வணக்கத்துக்குரிய வயதுக்காரர். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் காறி, என் செருப்புக்குப் பக்கத்தில் துப்பினார். மூன்றாவது கதவு, "கலீஜ் புத்திடா உனுக்கு" என்று சொல்லிச் சாத்திக்கொண்டது. நாலாவது ஆள் தூக்கத்திலேயே "சரி சரி" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அங்கிருந்து நைசாக நழுவப் பார்த்தேன். "அது செல்லாது, எழுப்பி சொல்லு!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. எழுப்பிச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து, தன் கேபினை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க ஓனருகூட வெச்சிருப்பானோ?" என்று கேட்டார். ஏழாவது வண்டிக்கு நான் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. அங்கே கதவைத் தட்டும் முன்னாலேயே கண்ணாடி இறங்கி, ஒருவர் தலைமுடியை வாரிக்கொண்டு முகத்தை நீட்டினார். "நல்லா எடு. லெஃப்ட் சைடுதான் எனுக்கு நல்லா கீதுன்னு வூட்ல சொல்லுவாங்க." கடைசி மூன்று கதவுகளில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சிரிப்புச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி என் மெல்லிய ஒயரை வெட்டிச் சுருட்டித் தரையில் போட்டிருந்தார். பின்வண்டிக்காரர் சொன்ன சொல் தவறாமல் தன் வண்டியைக் கொண்டுவந்து என் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தியிருந்தார். தடித்த கேபிள்கள் இரண்டும் ஏறியிருந்தன. மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம்.

"ஏறி எடும்" என்றார் அண்ணாச்சி.

சாவியைத் திருப்பினேன். "டக்." விடாமல் மறுபடி திருப்பினேன்.

"கையை எடும். கேபிள் சரியாப் பிடிக்கல." எதையோ தட்டினார். "இப்பம்."

என்ஜின் ஒருமுறை முனகி, இருமுறை இருமி, பிடித்துக்கொண்டது. வண்டி முழுக்க ஆடியது.

கீழே, கதவுக்கு நேராக, என் டிரைவர் கைகட்டி நின்றிருந்தார். வழக்கம் வழக்கம்தான். ஓடுகிற வண்டியைக் கையில் கொடுக்க வேண்டும். இறங்கினேன். மன்னிப்பு என்று ஆரம்பிக்கிற ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நவுரு" என்றார். ஏறினார். கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாக ஒரு தீப்பெட்டி வந்து என் தோளில் பட்டு விழுந்தது. வண்டி நகர்ந்தது. முன்னால் கிடந்த காலி ரோட்டை அது விழுங்கிக்கொண்டு போவதை, பின்வண்டிக்காரரும் அவருக்குப் பின்னால் ஒன்பது பேரும் ஆளுக்கொரு வசை சொல்லி என்னைக் கடந்து போவதை, புழுதியில் நின்று பார்த்தேன். மூன்றாவது ஹாரனை யாரும் அடிக்கவில்லை.

கேட்டுக்குள் போனதும் எங்களுக்குள் ஒரு மிஸ்டு கால் வழக்கம். ஒரே ஒரு ரிங். சண்டை தொடங்கிய பிறகும் அவர் அதை நிறுத்தியதில்லை. அன்றைக்கு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாப்பில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேருந்துகள் போயின. மூன்றரை. மூன்றே முக்கால். சூப்பர்வைசர் எண்ணை நானே இரண்டு தடவை எடுத்து, அழுத்தாமல் வைத்தேன். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் ஒரு முறை அடித்து நின்றது.

வீட்டுக்குப் போய் கார்டை மகளிடம் கொடுத்தேன். "எதுக்குப்பா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், பதினோராவது கதவு அவளுடையது.

பதிவில் பெரும்பாலும் நான்தான் இருந்தேன். ஸ்டியரிங் முன்னால் விரலை நீட்டி நீட்டி, அவரை வேலையைவிட்டு நிறுத்துவது எப்படி என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அழுதுகூடப் பார்த்திருக்கிறேன், பொருந்துகிறதா என்று. மகள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். பிறகு அவர் வந்தார். சாப்பிட்டார். சட்டையைக் கழற்றினார். கேபினில் ஆள் நனைகிற அளவு வேர்வை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றாமல் நின்றிருந்தது. அவர் ஓர் அட்டைத் துண்டை எடுத்து வீசிக்கொண்டே படுத்திருந்தார். அடுத்த நாளும் அட்டை. அதற்கடுத்த நாளும்.

மகளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏம்பா, ஃபேன் இருக்கும்போது இவர் ஏன் அட்டையால வீசிக்கிறாரு?"

மறுநாள் வரிசையில் ஷிப்ட் மாறும்போது வண்டி ஒரே திருப்பில் உறுமியது. நான் கேட்காமலேயே ஃபேனையும் ஓடவிட்டு, அதை அவர் இருக்கைப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினேன்.

"இன்னா கேமராமேன், எறங்கிட்டியா?" என்றார். இப்போது அந்தச் சாலை முழுவதும் என் பெயர் அதுதான்.

ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஃபேனை அணைத்தார்.